நடுவில் மாறுவதா, முடித்துவிட்டு ஜாம் எழுதுவதா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் சித்தப்பா மகன் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. பாதியிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு இடத்துக்கு மாறலாமா, இல்லை இங்கேயே முடித்து ஜாம் (JAM) என்கிற நுழைவுத் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாமா என்று கேட்கிறான்.

மாறுகிற வாசல் ரொம்பக் குறுகல். பிரின்ஸ்டன் 1990-ல் மூடிய அந்த வழியை 2018-ல்தான் மறுபடி திறந்தது, எடுப்பதும் சிலரைத்தான். இடம் கிடைத்துவிட்டால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். அந்த வருமானத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டுமே! சித்தப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சம்பளச் சீட்டு ஏது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் கடல் வரவு கிடையாது. 'நண்டு 1,850, டீசல் போக' என்று அவர் பழைய டைரியில் கிறுக்கியிருந்ததை வைத்து ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டோம். அப்புறம் பரிந்துரைக் கடிதம். அறுபது பேர் வகுப்பில் இவனைத் தனியாகத் தெரிந்த பேராசிரியர் ஒரே ஒருவர்.

ஜாமில் இந்தத் தலைவலி இல்லை. பிப்ரவரியில் ஒரு தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். உன் கதையை எழுது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இன்னும் ஒன்றரை வருஷம் அதே பழைய ஆய்வகம்தான்.

என் ஓட்டு ஜாமுக்கு. அவனோ டைரியை இன்னும் திருப்பித் தரவில்லை.