முதியோர் இல்லத்துக்கு என்று நன்கொடை வாங்கியவர்கள்: காரைக்குடி, தேவகோட்டை வியாபாரிகள் கவனத்துக்கு

2024 ஐப்பசியில், தீபாவளிப் பலகார வேலை மும்முரமாக இருந்தபோது, காரைக்குடியில் உள்ள எங்கள் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இருவர் வந்தார்கள். தேவகோட்டைப் பக்கம் ஆதரவற்ற முதியோர் இல்லம் நடத்துகிறோம் என்றார்கள். போட்டோ ஆல்பம், அச்சடித்த ரசீதுப் புத்தகம், பான் எண், நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க வருமான வரித்துறை தரும் 80ஜி உத்தரவின் நகல், எல்லாம் பக்காவாக இருந்தன.

ஐயா காலத்திலிருந்தே லாபத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு என்று மகமையாக எடுத்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கம்பெனி செக்காக 50,000 ரூபாயும் என் சொந்தக் கணக்கிலிருந்து 25,000 ரூபாயும் கொடுத்தேன். "ரெண்டுக்கும் வரிக்கழிவு உண்டு ஆச்சி" என்றார் வந்தவரில் மூத்தவர்.

அடுத்த ஆண்டு, கடைசித் தேதியான மே 31 தாண்டியும் நன்கொடைக்கான 10பிஇ சான்றிதழ் வரவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறக்கட்டளை 10பிடி படிவத்தில் வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், கொடுத்தவருக்கு 10பிஇ தர வேண்டும். 2021-22 நிதியாண்டிலிருந்து இதுதான் முறை. வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது.

அவர்கள் தந்த நகலை எங்கள் ஆடிட்டர் வாங்கிப் பார்த்தார். அது 2010-ல் கொடுத்த உத்தரவு. 2021 ஏப்ரலிலிருந்து பழைய அனுமதி வைத்திருந்தவர்களும் புதிதாகப் பதிய வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. துறையின் இணையதளத்தில் அந்தப் பான் எண்ணைப் போட்டுத் தேடினோம், அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அப்படி ஒரு அறக்கட்டளையே இல்லை.

வரிக்கழிவு என்ற பேச்சே பொய்தான். எங்கள் கம்பெனி பெரும்பாலான கழிவுகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரி விகிதத்தில் இருக்கிறது, நானும் அதேபோல் புதிய வரிமுறையில் இருக்கிறேன். அறக்கட்டளை உண்மையானதாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் 80ஜி கழிவு கிடையாது. தனி உரிமையாளர் கடை என்றால் கடைக் கணக்கில் கொடுப்பதும் உரிமையாளரின் சொந்த நன்கொடைதான். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி, வேட்டி, சேலையாகக் கொடுத்தாலும் இல்லை. "ரெண்டுக்கும் உண்டு" என்று யார் சொன்னாலும் உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வரி போனால் போகட்டும் என்று ரசீதில் இருந்த விலாசத்துக்கே போய்ப் பார்த்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த பெரியவர்களை 2024 ஆவணியிலேயே வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. எங்களிடம் பணம் வாங்கியது அதற்குப் பிறகு. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் என்று ஆல்பத்தில் காட்டிய அந்த முகங்கள் இப்போது எங்கே சாப்பிடுகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

நான் விசாரிப்பது தெரிந்ததும் அதே மூத்தவர் போன் செய்தார். "கோவிச்சுக்காதீங்க ஆச்சி. கம்பெனி பேர்ல ஒரு லட்சத்துக்குச் செக் போடுங்க, தொண்ணூறாயிரம் கையில தந்துர்றோம்." நன்கொடை என்று எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்குவது வரி ஏய்ப்பு. மாட்டினால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில்தான் விழும். நம் ஊரில் வேறு பலரிடமும் இதைக் கேட்டிருக்கலாம், இணங்கிவிடாதீர்கள்.

காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் தீபாவளிச் சமயத்தில் முதியோர் இல்லத்துக்கு என்று பணம் கொடுத்த புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் கடைக்காரர்கள் ரசீதையும் வங்கிக் கணக்கு நகலையும் எடுத்துவைத்து எனக்குச் செய்தி அனுப்புங்கள். புகாரில் சேர்த்துவிடலாம்.