ஏர் ரைஃபிளோடு 'முழு செட்' வாங்காதீர்கள்: கோவைக் கடை ஒன்றில் எனக்கு நடந்தது

ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "வெறும் ரைஃபிள வச்சு என்ன சார் பண்ணுவீங்க, முழு செட்டா எடுத்துக்குங்க" என்று சொல்லும் கடை என்றால் கட்டாயம் படியுங்கள். அந்த முழு செட்தான் என் ரைஃபிளைக் கெடுத்தது. பிறகு அதே செட்டைக் காரணம் காட்டி வாரண்டி கிடையாது என்று கடை கைவிரித்துவிட்டது.

கடை கோவையில் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை, இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. அக்கா மகன் கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவன். லீவுக்கு வரும்போது பத்து மீட்டரில் காகித அட்டை வைத்துச் சுட ஒரு ஏர் ரைஃபிள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றான். ஒலிம்பிக்கில் 1984 முதல் நடக்கும் ஏர் ரைஃபிள் போட்டிக்கும் அதே பத்து மீட்டர்தான், அதே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான், அதாவது சின்ன ஈயக் குண்டு. போட்டி ரைஃபிள் விலை நமக்கு எட்டாது, ஸ்பிரிங் ரைஃபிளில் கை பழகட்டும் என்று கிளம்பினோம்.

இதில் ஏமாற்றுவதெல்லாம் இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான். அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். இதில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பதில்லை. பேரலை, அதாவது குண்டு வெளியேறும் குழாயை, மடக்கும்போது உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் அழுந்திக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. டிரிக்கரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது, அந்த வேகத்தில் அமுங்கும் காற்று பெல்லட்டை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னாலும் உதைக்கும். வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும்தான் உதைக்கும். இது இரண்டு பக்கமும் உதைக்கிற சாதனம். என் கதையில் பாதி இந்த இரண்டாவது உதைதான்.

கடையில் நுழைந்ததும் அந்தத் தம்பி ஷோகேஸில் இருந்த ரைஃபிளை எடுத்து மடக்கி, பெல்லட் போடாமலே "டப்" என்று அடித்துக் காட்டினான். "சத்தத்தப் பாருங்ணா, எப்படி இருக்குது!" எங்களுக்கு முன்னால் வந்தவருக்கும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தான். பெல்லட் இருந்தால் அதன் பின்னால் அமுங்கும் காற்று மெத்தை மாதிரி நின்று பிஸ்டனைத் தாங்கும். பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக உள்ளே இருக்கும் முன்சுவரில் போய் மோதும். பிஸ்டன் முனையில் காற்று ஒழுகாமல் தடுக்கும் சீலும் ஸ்பிரிங்கும் அடிவாங்கும். இப்படி வருவோர் போவோருக்கெல்லாம் அடித்துக் காட்டிய அதே பீஸைத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டாக்கை, அதாவது தோளில் வைக்கும் கட்டையை, பிடித்திருக்கும் ஸ்குரூக்களின் தலை தேய்ந்திருந்தால் அது புதுப் பீஸ் இல்லை. உங்களுக்கு வரும் பெட்டியை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெட்டியின் மேல் வேகம் நொடிக்கு 1200 அடி என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். தயாரிப்பாளர் அச்சடித்தது இல்லை, கடையில் ஒட்டியது. 2016 ஆயுத விதிகளின்படி பேரலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண பெல்லட் ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்கு 283 மீட்டரை, அதாவது சுமார் 930 அடியைத் தாண்டினாலே 20 ஜூல் ஆகிவிடும். 1200 அடி என்றால் 33 ஜூல். ஆக, ஸ்டிக்கர் உண்மையென்றால் லைசென்ஸ் இல்லாமல் விற்கக் கூடாத துப்பாக்கி, இல்லையென்றால் ஸ்டிக்கர் பொய். இதைக் கேட்டால் கடையில் சிரிக்கிறார்கள்.

போதாததற்கு ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தோப்புல மயில் தொல்லை இருக்குமுங்களே, அதுக்கு இது பத்தாது. பாயிண்ட் டூ டூ ஒன்னு வரவெச்சுத் தர்றேன், பில்லெல்லாம் வேண்டாமுங்க" என்றார். பாயிண்ட் டூ டூ என்பது 5.5 மில்லிமீட்டர். அதற்கு லைசென்ஸ் வேண்டும். மயிலோ 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. தக்காளி, நிலக்கடலை போட்டவர்களுக்கு மயில் மேல் எவ்வளவு எரிச்சல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் இப்படி விற்கிறார்கள். மாட்டினால் ஜெயிலுக்குப் போவது தோட்டக்காரர்தான், கடைக்காரர் இல்லை.

சரி, செட்டுக்கு வருகிறேன். ரைஃபிள் 13,500 ரூபாய். அதன்மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் 4,800, அதை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் 900, ரைஃபிளின் முன்பக்கத்தை இரண்டு கால்களில் நிற்கவைக்கும் பைபாட் 1,800, "ஸ்பெஷல் ஆயில்" 350. "பவர் ஸ்பிரிங்" என்று ஒன்றையும் மாட்டித் தருகிறோம் என்று 1,500. ரைஃபிளுக்கு மட்டும் ஜிஎஸ்டி பில், மற்றதெல்லாம் எஸ்டிமேட் சீட்டில். எஸ்டிமேட் சீட்டு நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் சண்டை என்று வரும்போது அந்தச் சீட்டில் கடைப் பெயர்கூட இருக்காது. நான் பணத்தை ஜிபேயில் கொடுத்திருந்தேன், அது ஒன்றுதான் இப்போது கையில் இருக்கும் சாட்சி.

முதலில் போனது ஸ்கோப். பெரிய கண்ணாடியோடு பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் அது வெடிமருந்து ரைஃபிளுக்குச் செய்தது. பின்பக்க உதையை மட்டும் எதிர்பார்த்து உள்ளே லென்ஸைப் பூட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் முன்பக்க உதை வந்ததும் அந்தப் பூட்டு தளர்ந்துவிடுகிறது. முதலில் உள்ளே இருக்கும் சிலுவைக் கோடு லேசாகச் சாய்ந்தது. அப்புறம் ஆட்டினால் கலகலவென்று சத்தம். போகட்டும், நன்றாக இருந்த நாளிலும் பத்து மீட்டரில் அது உதவவில்லை. அதன் ஃபோகஸ் 100 கஜத்துக்கு வைத்தது, மாற்ற வழியில்லை. அட்டை மங்கலாகத் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடும் இலக்கை விட்டு நகர்ந்துபோகும். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்புகள் உண்டு. இரண்டு பக்க உதையையும் தாங்கும், முன்வளையத்தைத் திருகிப் பத்து மீட்டருக்கு ஃபோகஸ் கொண்டுவரலாம். கடைக்காரர் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மவுண்டும் அதே கதை. ரைஃபிளின் மேல் 11 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டியிருக்கும், அதில்தான் மவுண்ட் உட்காரும். உதைக்க உதைக்க மவுண்ட் பின்னால் வழுக்கிக்கொண்டே போகும் என்பதால், அதைத் தடுக்க ரைஃபிளின் மேலேயே சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். மவுண்டிலிருந்து ஒரு பின் இறங்கி அந்தத் துளையில் நிற்க வேண்டும். எனக்குக் கொடுத்த இரண்டு தனித்தனி வளையங்களில் பின்னே கிடையாது. "இன்னும் டைட் வையுங்க" என்று ஃபோனில் சொன்னார்கள். வைத்தோம். பள்ளத்தின் ஓரம் சிராய்ந்ததுதான் மிச்சம்.

பைபாடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கவோ கெட்டியான எதன்மேலும் வைக்கவோ கூடாது. உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்து, அது விருப்பம்போல் உதைத்துக்கொள்ள விட வேண்டும். பைபாடைக் கழற்றிய அன்றே குண்டுகள் ஓரிடத்தில் விழ ஆரம்பித்தன.

ஆயில்தான் கொடுமை. "காத்து வர்ற ஓட்டைல மூணு சொட்டு விடுங்க, பவர் ஏறும்" என்று கடைத் தம்பியே விட்டுக் காட்டினான். பவர் ஏறியது உண்மைதான். சுட்டால் பட்டாசு மாதிரிச் சத்தம், பேரலில் புகை, கருகிய வாசம். அக்கா மகன் நண்பர்களெல்லாம் கைதட்டினார்கள். நடந்தது என்ன? காற்று சட்டென்று அமுங்கும்போது சூடாகிறது, அந்தச் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜின் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். இன்ஜினை அதற்கென்றே கட்டியிருக்கிறார்கள், ஏர் ரைஃபிளின் சீலை அதற்குச் செய்யவில்லை. இந்தக் காலத்துச் செயற்கை சீலுக்கு அந்த ஓட்டை வழியாக எண்ணெயே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் சிலிகான் ஆயில் ஒரு சொட்டு. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கொஞ்ச நாளில் ரைஃபிள் இருமுகிற மாதிரி ஆகிவிட்டது. மடக்கினால் உள்ளே கரகரவென்று சத்தம், ஒரு குண்டு அட்டையைத் துளைக்கிறது, அடுத்தது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடைக்குக் கொண்டுபோனோம். ஓனர் பேரலில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "ஆயில் விட்டிருக்கீங்க. ஆயில் விட்டா வாரண்டி கிடையாதுங்க" என்றார். நீங்கள் விற்ற ஆயில்தானே என்றால், "அது மேல துடைக்கிறதுக்குங்க" என்கிறார். விட்டுக் காட்டிய தம்பி பக்கத்திலேயே நின்று ஸ்கிப்பிங் கயிறு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பிரிங் மாற்றியிருப்பதால் கம்பெனி வாரண்டியும் போச்சு என்றார். மாற்றியதும் அவர்கள்தான்.

என் மச்சான் கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் பாகங்கள் கடைந்தே வளர்ந்தவர். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மடக்காதபோதும் அழுத்தத்தில்தான் இருக்கும், வெறும் ஸ்குரூ டிரைவரோடு திறந்தால் முகத்துக்கு வரும். அவர் நீளத் திருகு வைத்த ஒரு கிளாம்ப் செய்து மெதுவாகத் தளர்த்திக் கழற்றினார். பவர் ஸ்பிரிங் என்று போட்டது ஏதோ நீளமான ஸ்பிரிங்கை வெட்டித் திணித்தது. வெட்டிய முனையைத் தட்டையாகத் தேய்க்கக்கூட இல்லை, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்சுவரைக் கீறியிருந்தது. சீலின் விளிம்பு கருகி நொறுங்கிப்போயிருந்தது. "இத மாட்டுனவன் பட்டறைக்கு வந்தா கூட்டிப் பெருக்கறதுக்குக்கூட வெச்சுக்க மாட்டேன் மாப்ள" என்றார்.

தயாரிப்பாளரிடமே கேட்டு அசல் ஸ்பிரிங்கும் சீலும் கூரியரில் வரவழைத்து அவரே மாட்டிக் கொடுத்தார். பேரல் வந்து மூடும் இடத்தில் இருக்கும் சின்ன ஓ-ரிங்கையும், அதாவது ரப்பர் வளையத்தையும், பார்த்தார். அந்த மூட்டில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுட வேண்டும், காகிதம் பறந்தால் காற்று அங்கே ஒழுகுகிறது என்று அர்த்தம். இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். தெரிந்தவர் ஒருவரிடம் வேகம் அளக்கும் கருவி இருந்தது. நொடிக்குச் சுமார் 180 மீட்டர் காட்டியது, எட்டு ஜூல் சொச்சம். பத்து மீட்டர் அட்டைக்கு இது தாராளம். ஸ்டிக்கரில் போட்ட 1200 அடியில் இது பாதிகூட இல்லை.

ஆக ஆரம்பிப்பவர்களுக்கு என்னதான் வேண்டும் என்றால், ரைஃபிள், முனை தட்டையான ஈய பெல்லட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய துணியோ பழைய வாரப் பத்திரிகைகளோ அடைத்த கெட்டியான மரப்பெட்டி. அவ்வளவுதான். குறிபார்க்க ரைஃபிளோடு வரும் இரும்பு சைட் பத்து மீட்டருக்குப் போதும். ஸ்டீல் பால்ஸ் போடாதீர்கள், பேரலின் உள்ளே வெட்டியிருக்கும் வரிகள் தேயும், தெறித்துத் திரும்பியும் வரும். பெல்லட் போடும்போது பேரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போடுங்கள். கொக்கி நழுவினால் பேரல் மேலே அடித்து விரலை எடுத்துவிடும். அதிர்வில் ஸ்டாக் ஸ்குரூ தளரும், அவ்வப்போது முறுக்கிவிடுங்கள். சுட்ட பிறகு கை கழுவுங்கள், ஈயம்.

ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மச்சான் கழற்றியபோது எடுத்த வீடியோவையும், வெட்டிய ஸ்பிரிங்கையும், ஜிபே ரசீதையும் சேர்த்து நான் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் ஓனர் ஃபோன் செய்தார். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. "எதுக்குங்ணா கேசு கீசுன்னு? வாபஸ் வாங்கிக்குங்க. ஏர் கன்னுக்குன்னே செஞ்ச ஸ்கோப்பு, பின்னு வெச்ச மவுண்டு, ரெண்டும் ஸ்டாக்ல இருக்குது. ஃப்ரீயா குடுத்துடறேன்." எப்போதிலிருந்து ஸ்டாக்கில் இருக்கிறது என்று கேட்டேன். எப்பவுமே வெச்சிருக்கோமுங்க என்றார். அதையும் எழுதிப் புகாரோடு சேர்த்துவிட்டேன்.