குன்னூர் ஜெர்ஸி கடை: கையெழுத்து ஆகாமல் பெயர் அடிக்க மாட்டார்

குன்னூர் மவுண்ட் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு படிக்கட்டுச் சந்தில் ஜெர்ஸி கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கண்ணாடிக் கதவில் 10 என்று ஓர் எண் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். நான் கோத்தகிரியில் பி.டி. டீச்சர். சாயங்காலம் மைதானத்தில் பையன்கள், பெண் பிள்ளைகள் என்று 26 பேருக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். மூன்று வருடமாக எங்கள் டீம் செட் எல்லாம் இந்தக் கடையில்தான். ஆனால் இதை எழுத வைத்தது டீம் செட் இல்லை, ஒரே ஒரு ஜெர்ஸி.

2024 ஆகஸ்ட். எங்கள் டீமில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் இடத்தில் ஆடும் ஒரு பையன், இடது கால்காரன். இடது காலில் ஸ்டாப்பர் கிடைப்பது அபூர்வம். இடது பக்க ஸ்டாப்பர் இடத்தில் வலது கால்காரனை நிறுத்தினால், பந்தைத் தன் நல்ல காலுக்கு மாற்றுவதற்குள் எதிராளி மேலே வந்து விழுவான். இந்தப் பையனுக்குக் காட்டுவதற்கு நான் பிடித்துவைத்திருந்த ஆள் ஆஸ்டன் டிரஸ்டி. அமெரிக்கர், பென்சில்வேனியாவில் பிறந்தவர். பிலடெல்பியா யூனியன், கொலராடோ ராப்பிட்ஸ் டீம்களில் ஆடியவரை 2022-ல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் வாங்கியது. அங்கே ஆட இடம் கிடைக்காமல் பர்மிங்ஹாம் சிட்டிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆடப் போனார், அப்புறம் ஷெஃபீல்ட் யுனைடெட். அந்த டீம் 2024-ல் இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அவரைக் கேட்கிறது என்று பேச்சு கிளம்பியது. செல்டிக்கில் ஏற்கெனவே அமெரிக்க டீமுக்கு ஆடும் ஸ்டாப்பர் ஒருவர் உண்டு, கேமரன் கார்ட்டர்-விக்கர்ஸ், வலது கால். அவருக்குப் பக்கத்தில் டிரஸ்டி வந்து நின்றால் எப்படி இருக்கும்! பையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பரில் அவனுக்குப் பிறந்தநாள். அவன் அம்மா தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, குன்னூருக்கு வந்துபோக நேரமில்லை. நானே பஸ் ஏறிப் போனேன். பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்ஸி, முதுகில் டிரஸ்டி என்று பெயர்.

கடைக்காரர் கூடலூர்க்காரர், இளவயதில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டத்துக்காக வயநாடு, நிலம்பூர் என்று சுற்றியவர். என்னை "டீச்சரே" என்றுதான் கூப்பிடுவார். எழுத்துகளைக் குறித்துக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவர் இன்னும் ஷெஃபீல்ட் ஆளுதானே?"

"வரப்போறாருங்க. எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றது வேற, கையெழுத்து வேற டீச்சரே. சரி, நம்பர் என்ன?"

என்னிடம் பதில் இல்லை. கிளப்பில் சேராதவருக்கு நம்பர் எங்கிருந்து வரும்?

அவர் பொறுமையாக விரல் விட்டுச் சொன்னார். ரெண்டு கிளப்பும் விலை பேசி முடிக்கணும். ஆட்டக்காரர் தன் சம்பளத்துக்கு ஒத்துக்கணும். டாக்டர் பரிசோதனை ஆகணும், முட்டியில ஒரு பழைய காயம் தெரிஞ்சாலும் பேச்சு நின்னுடும். அதுக்கு மேல அவர் அமெரிக்கர். பிரிட்டன்ல வேலை பார்க்க விசா வேணும், அதுக்கு ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் ஒப்புதல் தரணும். கார்ட்டர்-விக்கர்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்ல, அப்பா அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்னாலும் அவர் பிறந்தது இங்கிலாந்துல சவுத்எண்டுல. "இதுல எது தடுக்கினாலும் துணியில பேரு மட்டும் நிக்கும்" என்றார். நான் நீட்டிய அட்வான்ஸையும் வாங்கவில்லை.

இது எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கீழே சமவெளியில் வேறொரு கடையில், பேச்சு அடிபட்ட ஓர் ஆட்டக்காரர் பெயரில் எங்கள் பெண் பிள்ளை ஒருத்திக்கு ஜெர்ஸி அடித்து வாங்கினேன். கேட்ட உடனே பணத்தை வாங்கி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டக்காரர் கடைசிவரை அந்தக் கிளப்புக்குப் போகவே இல்லை. பிள்ளை சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு பிராக்டிஸுக்கு வந்தது. தையல் எல்லாம் வெளியே தெரிய அவள் ஓடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குற்றம் என்னுடையதும்தான். ஆனால் ஒரு கடைக்காரர் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கான கெடுவான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுகிற சமயத்தில் டிரஸ்டி செல்டிக்கில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருட ஒப்பந்தம். கடைக்காரரே போன் பண்ணினார். "ஆயிடுச்சு டீச்சரே, ஆறாம் நம்பர். இப்ப வாங்க."

அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் வெறும் துணியை மட்டும் சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ் மெஷினில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி ஈரத்தை எடுக்கிறார். எங்கள் மலையில் மழைக்காலத்துத் துணி முழுசாகக் காய்ந்ததாக என்றைக்குமே நம்பக்கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் எழுத்து பிடிக்காது. அப்புறம் எழுத்து வெட்டிய வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் வேண்டாத பகுதியை ஊசியால் கிளறி எடுக்கிறார். ஆங்கில ஆர் எழுத்தின் வயிற்றுக்குள் இருந்த சின்னத் துண்டு ஊசி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது, அதைத் தன் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். பெயரின் நடுப்பகுதியை ஜெர்ஸியின் முதுகெலும்புக் கோட்டில் வைத்து, இரண்டு தோள் தையலிலிருந்தும் ஸ்கேலால் அளந்து, பட்டர் பேப்பர் போட்டு மூடினார். மெஷினில் 150 டிகிரி, 15 விநாடி. சூடு ஆறும்வரை தாளை உரிக்கவில்லை. கூட்டம் இருந்தபோதும் உரிக்கவில்லை.

பட்டை ஜெர்ஸியில் எண் அடிப்பது தனிப் பிரச்சினை. பச்சை மேல் பாதி, வெள்ளை மேல் பாதி விழுந்தால் தூரத்திலிருந்து எண் தெரியாது. இவர் முதுகில் ஒரு கட்டம் அளவுக்குப் பட்டையை விட்டு வெள்ளையாகவே துணி தயார் செய்கிறார். செல்டிக்கே இதற்கு வேறு வழி வைத்திருந்தது: 1960-லிருந்து 1994 வரை உள்நாட்டு ஆட்டங்களில் எண் முதுகில் கிடையாது, அரைக்கால் சட்டையில்தான். 1967-ல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்த படங்களைப் பாருங்கள், முதுகு முழுக்கப் பட்டைதான். கிளப் சின்னத்தை இவர் அடிப்பதில்லை, கேட்காதீர்கள். அது அவர்களுடையது என்று சொல்லிவிடுவார்.

எங்கள் டீம் ஜெர்ஸியில் பிள்ளைகள் பெயர் தமிழில் இருக்கும். அதில்தான் இவர் கைத்திறன் தெரியும். வெளியில் வாங்கிய ஜெர்ஸிகளில் முதலில் உரிந்து விழுவது மெய்யெழுத்துப் புள்ளி. நாலு துவையலில் "கார்த்திக்" என்பது "காரததிக" ஆகிவிடும். இவர் புள்ளியை வளையமாக வெட்டாமல் நிறைந்த பொட்டாக, கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறார். மூன்று வருடத்தில் எங்கள் செட்டில் ஒரே ஒரு புள்ளிதான் போயிருக்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு டீம் செட் வந்ததே இல்லை. நாலு நாள் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் சைஸில் கழுத்து இறுக்கமாகத் தைத்து வருகிறது, தலை நுழைய அழுகிறார்கள். இதை நேரிலும் சொன்னேன், இன்னும் சரியாகவில்லை. கடைக்குள் சிக்னல் எடுக்காது, ஜிபே பண்ணப் படி ஏறி வெளியே போகவேண்டும், கையில் பணம் கொண்டுபோவது நல்லது. டீம் ஜெர்ஸி ஒன்று 380 ரூபாய், பெயரும் எண்ணும் தனியாக அடித்தால் 150.

டிரஸ்டி ஜெர்ஸியிலேயே ஜனவரியில் முதல் எழுத்து ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது. பையன் வீட்டில் வெயில் இல்லாமல் அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்தியிருக்கிறார்கள். எங்கள் தவறுதான். ஆனாலும் அந்த எழுத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காற்றாடப் போடச் சொன்னார். அதற்கப்புறம் இன்றுவரை அசையவில்லை.

காத்திருக்கும் நேரத்துக்கும் இந்தக் கடை நல்ல கடை. கட்டன் சாயா வரும், பேச்சு வரும். 1936-ல் கொல்கத்தாவின் முகமது சலீம் காலில் கட்டுத் துணி சுற்றிக்கொண்டு, பூட்ஸ் இல்லாமல் செல்டிக் ஜெர்ஸியில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் நினைப்பில் திரும்பி வந்ததை நான் முதலில் கேட்டது இங்கேதான். 2020 ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவி, செல்டிக்கின் போட்டிக் கிளப்பான ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸில் சேர்ந்தபோது, கையெழுத்துச் செய்தி வந்த வாரமே மூன்று பெண் பிள்ளைகளுக்கு நீல ஜெர்ஸியில் அவர் பெயரை அடித்துக் கொடுத்தாராம். பெயர் என்றால் சும்மா இல்லை என்பதற்கு அவர் சொல்லும் கதை இன்னொரு அமெரிக்கருடையது. கிளாடியோ ரெய்னா 1999-ல் ரேஞ்சர்ஸுக்கு வந்தார், அங்கே கூட ஆடிய ஜியோவானி வான் பிராங்கோர்ஸ்ட் நெருக்கமாகிவிட்டார். 2002-ல் பிறந்த தன் மகனுக்கு ஜியோவானி என்றே பெயர் வைத்தார். இப்போது அமெரிக்க டீமுக்கு ஆடுகிறாரே ஜியோ ரெய்னா, அவர்தான்.

பிறந்தநாளன்று பையன் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு பாட்டி முன்னால் போய் நின்றிருக்கிறான். பெயரைப் பேத்தி படித்துக் காட்டியதும், "டிரஸ்டியா? எந்தக் கோயிலுக்குப்பா?" என்று பாட்டி கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தெருவில் அவன் பெயரே டிரஸ்டிதான். தன் கோல் பக்கம் வரும் பந்தை அவன் இடது காலால் தட்டி வெளியே அனுப்பும்போது, மைதானத்து ஓரத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் அந்தப் பெயரைத்தான் கத்துகிறார்கள்.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று கடை கிடையாது. பிள்ளைகள் பெயரை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். "ழ"வா "ள"வா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார்.