ஆறு வருடமாக ஒரே 35 எம்எம் லென்ஸ்: ஒரு அட்டை வடிவமைப்பாளரின் அனுபவம்

2019 மார்ச்சில் சேப்பாக்கம் செனட் ஹவுஸுக்குள் முதல்முறையாகப் போனேன். சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படக் கண்காட்சித் திருவிழாவின் இரண்டாம் பதிப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர் புஷ்பமாலா என். என்ற கலைஞர். ரவிவர்மா ஓவியத்துப் பெண்ணாகவும் காலண்டர் லட்சுமியாகவும் தானே வேடம் போட்டு நின்று படமாக்கியவர். சின்ன வயதிலிருந்து சுவரில் பார்த்த காலண்டரை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்பது என்னை உலுக்கியது. அப்போது நான் சின்னப் பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டை செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் முதலில் இணையத்தில் நூறு அட்டைகளைப் பார்ப்பேன், அப்புறம் அந்த நூறில் ஒன்றைப் போலவே ஒன்றைச் செய்வேன். இனி நானே பார்க்க வேண்டும் என்று தோன்றி, அடுத்த மாதமே ஒரு பழைய கேமராவுக்கு, இன்னொருவர் பயன்படுத்திய 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். (எஃப் எண் வெளிச்சம் புகும் துளையின் அளவு; எண் சின்னதானால் துளை பெரிது.) இன்றுவரை வேறு லென்ஸ் வாங்கவில்லை.

என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது. அதனால் படம் குறுகித் தெரியும்; 1.5 மடங்கு கணக்குப் போட்டால் இந்த லென்ஸ் ஏறக்குறைய 50 எம்எம் பார்வை தரும். ஜூம் கிடையாது. செல்போன் கேமரா இதைவிட ரொம்ப அகலமாகப் பார்க்கும். கடை, கம்பம், பைக், வானம் எல்லாம் ஒரே படத்துக்குள் வந்துவிடும். இதில் அப்படி வராது. பலகை முழுதாக வேண்டுமென்றால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும், ஓர் எழுத்து மட்டும் வேண்டுமென்றால் கிட்டே வர வேண்டும். முதல் மூன்று மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் கண்ணே அந்தச் சட்டத்துக்குப் பழகிவிட்டது. இப்போது கேமரா கையில் இல்லாவிட்டாலும், எங்கே நின்றால் எது உள்ளே வரும் என்று கால் சொல்லிவிடுகிறது.

நான் அதிகம் எடுத்தது எழுத்துகளைத்தான். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, மின்ட் தெரு என்று ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன்னால் போவேன். பழைய பலகைகளில் இன்னும் முன்னால் துதிக்கை தூக்கிய 'லை', 'னை' இருக்கும். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல்தான் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அந்த மாற்றம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வடிவமைப்பாளராக அந்தத் துதிக்கையைப் பார்க்கும்போது, வரிக்கு நடுவே ஒரு வளைவு எழும்பி மூச்சு விடுவது போல இருக்கும். என்னிடம் இருந்த எழுத்துருக்கள் எதிலும் அது கிடையாது. படத்தை வைத்துக் கையால் வரைந்துதான் கற்றுக்கொண்டேன்.

ராயப்பேட்டையில் பலகை எழுதும் பெரியவர் ஒருவர் பழக்கமானார். அவர் எழுதிய ஒரு மருந்துக்கடைப் பலகையில் 'ற'வின் வால் மட்டும் அசாதாரணமாக நீண்டு, இடப்பக்கம் வளைந்து போகும். எனக்கு அது அழகின் உச்சமாகத் தெரிந்தது. "எப்படிண்ணே இப்படி யோசிச்சீங்க?" என்று கேட்டேன். "யோசிக்கல்லாம் இல்ல தம்பி. அந்த இடத்துல ஒரு ஆணி துருப்பிடிச்சு நின்னுச்சு, பிடுங்க வரல. வாலை இழுத்து அது மேல போட்டுட்டேன்" என்றார். அன்றிலிருந்து ஒரு வடிவம் பிடித்தால் அது என்ன தேவைக்காக அப்படி ஆனது என்றும் தேடுகிறேன். நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவது, எனாமல் சீக்கிரம் காயும் வெயிலில் கோட்டைத் தடித்தே இழுப்பது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய.

இந்த லென்ஸால் எனக்குக் கிடைத்த சிறந்த வேலை ஒரு ஷட்டரிலிருந்து வந்தது. மின்ட் தெருவில் பாதி ஏற்றிய இரும்பு ஷட்டர். அதில் எழுதியிருந்த பெயரின் கீழ்ப்பகுதி மட்டும் தெரிந்தது. அந்தப் படத்தை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, மூடிய வீடுகளைப் பற்றிய ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை கேட்டார்கள். தலைப்பைக் குறுக்கே வெட்டிப் பாதியை மறைக்கலாம் என்று தோன்றியது. மேல் பாதியை வைத்துக் கீழே வெட்டினேன், யாராலும் படிக்க முடியவில்லை. தமிழில் கீழ்ப்பகுதி போனால் 'ம', 'மு', 'ழ' மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், 'ர' கால் இழந்து துணைக்கால் ஆகிவிடும். அந்தத் தலைப்பில் இரண்டு 'ழ' வேறு. மின்ட் தெருப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் அங்கே மறைந்திருந்தது மேல்பகுதி என்பது உறைத்தது. மேலே கால்வாசியை மட்டும் மறைத்தேன். புள்ளிகள் போனாலும் வாசகர் நிரப்பிக்கொள்கிறார். பதிப்பாளர் பார்த்ததும் சரி என்றார்.

எடுத்ததை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் போட்டால் அது அங்கேயே தூங்கும். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் தன் படங்களை மரச் சட்டங்களுக்குள் வைத்து, வரிசையை மாற்றி மாற்றி அடுக்கும்படி செய்திருப்பதைப் பற்றிப் படித்த பிறகு நானும் மாதம் இருபது படங்களை 4-க்கு 6 அங்குல அளவில் அச்சடித்து ஒரு பெட்டியில் போட ஆரம்பித்தேன். புது வேலை வந்தால் பெட்டியைத் தரையில் கொட்டி அடுக்குவேன். ஒரு ஷட்டருக்குப் பக்கத்தில் காசிமேட்டுப் படகின் நீலம் வந்து விழும்போது கிடைக்கும் யோசனை, தனித்தனியாகப் பார்த்தால் கிடைக்காது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டிய இடம். கோட்டையூரில் அந்தச் சேகரிப்பைத் தொடங்கிய ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய நூல் அட்டைகளை அங்கே பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் பலகைகள் வேறு மாதிரி தெரியும்.

இனி லென்ஸின் குறைகள். மங்கலான வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். முப்பது சென்டிமீட்டரைவிடக் கிட்டே போக முடியாது. தீப்பெட்டி லேபிள் போன்ற சின்னப் பொருளுக்கு இது உதவாது. எஃப் 1.8-இல் வெயிலில் மினுங்கும் இரும்பு விளிம்பில் ஊதா நிறம் கசியும், 2.8-க்கு வந்தால் பெரும்பாலும் போய்விடும். பலகைகளுக்கு நான் 5.6-ஐத் தாண்டுவதில்லை. ஏப்ரல், மே மாத மதிய வெயிலில் எந்த லென்ஸும் பயனில்லை. நவம்பரில் மழை விட்ட காலை, மேகம் மூடிய வெளிச்சத்தில் சுவரின் நிறங்கள் அப்படியே வரும். அந்த மாதத்துக்காகவே காத்திருப்பேன்.

அதே நவம்பர்தான் லென்ஸுக்கு எதிரியும். 2021 மழையில் பத்து நாள் துணிப்பையிலேயே கிடந்ததில் உள்ளே பூஞ்சை படர்ந்துவிட்டது, சிலந்தி வலை மாதிரி. பிரித்துச் சுத்தம் செய்ய 1,800 ரூபாய் ஆனது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தால் அன்றே துடைத்துவிட வேண்டும். உப்புக்காற்று வளையங்களுக்குள் புகுந்துவிடும்.

திருமணம், விளையாட்டு எடுப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. எழுத்து, அட்டை, சுவரொட்டி என்று வேலை செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பழையதாக வாங்கினால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.