விடுதிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: மடிக்கணினியும் மேசைக்கணினியும்

என் மூத்த மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இயந்திரவியல் பொறியியல் படிக்கிறாள். இளையவன் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்து பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறான். 2023 ஜூலையில் அவளுக்கு ஒரு மடிக்கணினியும், 2024 ஜூனில் அவனுக்கு ஒரு மேசைக்கணினியும் வாங்கினேன். முன்னதற்கு 54,000 ரூபாயும் பின்னதற்கு 48,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் ஆயிற்று. ஏறக்குறைய ஒரே தொகைக்கு வாங்கிய இரண்டு கருவிகளையும் இத்தனை நாள் அருகிலிருந்து பார்த்துவிட்டதால், கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்று கேட்கும் உறவினர்களிடம் ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்லிவருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்ன பாடம், எவ்வளவு பணம் என்றெல்லாம் கேட்பதற்கு முன்பு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை இரவில் எங்கே உறங்கப் போகிறது? விடுதி என்றால் பேச்சு அத்துடன் முடிந்தது. மகளின் அறையில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு கட்டில், கைமுழம் அகலத்தில் ஒரு மேசை. சுவரில் மொத்தம் இரண்டு பிளக் பாயிண்ட். பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்துகொடுக்க வேண்டும், அடுத்த பருவத்தில் வேறு தளத்தில் வேறு அறை கிடைக்கும். கேபினட், திரை, விசைப்பலகை, யுபிஎஸ் என்று ஒரு குடித்தனத்தையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடிப்படியில் ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமன்று. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அவள் படிப்பது அறையிலும் அன்று, கீழே உள்ள பொதுப் படிப்பறையில். குழுவாகச் செய்யும் செயல்திட்டங்களுக்கு மூவரும் அவரவர் கணினியுடன் உணவுக்கூடத்தில் உட்காருகிறார்கள். ஆகவே விடுதி மாணவிக்கு மடிக்கணினி சரியா என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. எந்த மடிக்கணினி என்பதில்தான் நான் தடுமாறினேன்.

முதலில் அவள் ஆசைப்பட்டது ஆப்பிளின் மேக்புக் ஏர். எடை குறைவு, மின்விசிறியே இல்லாததால் சத்தமில்லை, மின்கலம் நாள் முழுதும் தாங்கும் என்று அவள் அடுக்கிய காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரைய இயந்திரவியல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. ஆட்டோகேடு என்ற இன்னொரு வரைபட மென்பொருளுக்கு மேக் பதிப்பு உண்டு என்றாலும் அது ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளை ஓட்ட முடியாது. எந்தக் கருவியையும் பார்ப்பதற்கு முன்பு துறையில் மூத்த மாணவர் ஒருவரிடம் மென்பொருள்களின் பெயரைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அந்த ஒரு தொலைபேசி அழைப்பு எங்களுக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தியது.

கடைசியில் வாங்கியது 15.6 அங்குலத் திரை, 1.7 கிலோ எடை, இண்டெல் கோர் ஐ5-1235யு பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஒரு விண்டோஸ் கணினி. பிராசஸர் என்பது கணினியின் மூளை, ரேம் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி கோப்புகளைச் சேமிக்கும் இடம். இங்கே ஐ5 என்ற பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரர்கள் அந்தப் பெயரை மட்டும் சொல்லி விற்கிறார்கள். மகனின் மேசைக்கணினியில் இருப்பதும் ஐ5தான், அதன் முழுப்பெயர் ஐ5-12400. இரண்டும் ஒரே பன்னிரண்டாம் தலைமுறை. பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியைக் கோர் என்பார்கள்; மடிக்கணினியில் பத்து கோர், மேசைக்கணினியில் ஆறுதான். எண்ணிக்கையைப் பார்த்தால் முன்னதே பெரிது என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் இரண்டு மட்டுமே முழு வலிமையுள்ளவை, மீதி எட்டும் மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதற்கான சிறியவை. மேசைக்கணினியின் ஆறும் முழு வலிமையுள்ளவை. முன்னது 15 வாட்டை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது, பின்னது 65 வாட்டை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆற்றலும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பது, குதிரைத்திறனைக் கேட்காமல் நிறத்தைப் பார்த்து மோட்டார் வாங்குவதைப் போன்றது.

இரண்டாவது பாடம் ரேமில் கிடைத்தது. கணினிக்குள் இரண்டு ரேம் இடங்கள் இருந்தன, ஒன்று காலியாக இருந்தது. மூன்றாம் மாதமே சாலிட்வொர்க்ஸும் உலாவியும் சேர்ந்து 8 ஜிபியை நிரப்பிவிட, 1,800 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகினோம். வேகம் கூடும் என்று எதிர்பார்த்தேன். அதோடு, திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் பகுதியை அதுவரை யுஎச்டி கிராபிக்ஸ் என்று காட்டிக்கொண்டிருந்த கணினி, அன்று முதல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற மேலான பெயரில் காட்டத் தொடங்கியது. இந்த வகை இண்டெல் பிராசஸர்களில் இரண்டு ரேம் வழிகளும் நிரம்பினால்தான் பிராசஸரிலேயே உள்ளமைந்த கிராபிக்ஸ் முழுத் திறனுடன் வேலை செய்யும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பெட்டியின் மேல் ஐரிஸ் எக்ஸ்இ என்று ஒட்டியிருந்த வில்லையைப் பார்த்து ஏமாந்த மூன்று மாதங்கள் அவை. எல்லா மடிக்கணினியிலும் இப்படிக் காலி இடம் இருக்காது. ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடும் மாடல்கள் பெருகிவிட்டன. அவற்றில் 8 ஜிபி வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான்.

தனித்தனிப் பாகங்களை வரைவதற்கு அந்தக் கணினி தாராளமாகப் போதுகிறது. நூற்றுக்கணக்கான பாகங்களைக் கோத்த பெரிய அசெம்பிளியைத் திறந்தால் திரும்பும்போது விட்டுவிட்டு நகர்கிறது, மின்விசிறியின் இரைச்சல் தொலைபேசியில் எனக்கே கேட்கிறது. தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள மாடல் எடுத்திருந்தால் இது தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குக் கூடுதலாகச் சில ஆயிரங்களும், சார்ஜரோடு சேர்த்துத் தோளில் ஏறக்குறைய மூன்று கிலோ எடையும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் தினமும் சுமந்து நடக்கும் பெண்ணுக்கு அது தேவையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மடிக்கணினியின் உண்மையான பலவீனம் இரண்டாம் ஆண்டில் வெளிப்பட்டது. ஒருநாள் திரையைத் தூக்கும்போது இடப்பக்கக் கீலின் அடியில் இருந்த பிளாஸ்டிக் விண்டு, கீல் பிடி விட்டுவிட்டது. ஓராண்டு வாரண்டி அதற்குள் முடிந்திருந்தது. அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில், மேல்மூடியை முழுதாக மாற்ற வேண்டும், 9,500 ரூபாய் ஆகும், பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. காந்திபுரத்தில் ஒரு சிறு கடைக்காரர் பசை வைத்து, திருகுகளைப் புதிதாக இறக்கி, 1,400 ரூபாயில் அன்று மாலையே சரிசெய்து கொடுத்தார். இன்றுவரை அது அசையவில்லை. மின்கலமும் அப்படித்தான்: தொடக்கத்தில் ஐந்து மணி நேரம் தாங்கியது இப்போது இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. லித்தியம் மின்கலத்தின் இயல்பு அது, நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மடிக்கணினி வாங்குகிறவர்கள் விலையோடு மூன்றாம் ஆண்டில் ஒரு மின்கலச் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கும்போதே கூடுதல் வாரண்டியைச் சேர்த்திருந்தால் கீல் செலவும் எனக்கு மிஞ்சியிருக்கலாம்.

இனி மகனின் கணினிக்கு வருகிறேன். அவன் இரவு வீட்டில் உறங்குகிறவன். கல்லூரி ஆய்வகத்தில் கணினி இருக்கிறது. நெரிசலான மின்சார ரயிலில் மடிக்கணினிப் பையுடன் தொங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆகவே அவனையும் அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்தில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் அந்தக் குறுகலான தெருவில் கணினிக்கான எந்த உறுப்பும் கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், அல்லாததும் கிடைக்கும் என்பதால் முதல் நாள் பணம் எடுத்துப் போகாமல் கொட்டேஷன் மட்டும் வாங்கி வருவதே முறை.

மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்தோம். ஒரு கடையில் மட்டும் தொகை கணிசமாகக் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோது காரணம் தெரிந்தது. பிராசஸர் வரிசையில் 12400 என்பதற்குப் பின்னால் எஃப் என்ற ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் அட்டை வாங்காவிட்டால் திரையில் ஒன்றுமே தெரியாது. விளையாட்டுக்காகத் தனி அட்டை போடுகிறவர்களுக்கு அது நல்ல சிக்கனம், எங்களுக்கு இருட்டுத் திரை. அதே கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் வாட் எண் மட்டும் இருந்தது, நிறுவனத்தின் பெயர் இல்லை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தப் பெட்டியில் மிச்சம் பிடிக்கப் போனால், கெடும்போது எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும் அபாயம் உண்டு. இரண்டு நாள் கழித்து வேறொரு கடையில், ஒவ்வொரு உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் வாங்கினோம். பிராசஸர் 15,000, மதர்போர்டு 7,000, ரேம் 16 ஜிபி 3,300, எஸ்எஸ்டி 500 ஜிபி 3,200, கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து 5,500, 23.8 அங்குல ஐபிஎஸ் திரை 9,000, விசைப்பலகையும் மவுஸும் 1,100, யுபிஎஸ் 3,200. 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால் அந்தக் கணக்கு இன்று செல்லாது. பங்கீட்டை மட்டும் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் விண்டோஸ் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மடிக்கணினியோடு உரிமம் சேர்ந்தே வருகிறது. அசெம்பிள் செய்த கணினிக்கு அதைத் தனியே வாங்க வேண்டும். "அதெல்லாம் நாங்களே போட்டுத் தருகிறோம் சார்" என்று கடையில் சிரித்துக்கொண்டே சொன்னால், அது உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்று பொருள். மகன் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டான். சி, பைத்தான், ஜாவா ஆகிய மூன்றும் அதில் செலவின்றி ஓடுகின்றன. கணினி அறிவியல் மாணவனுக்கு லினக்ஸ் பழகுவது கூடுதல் ஆதாயம். மகளின் படிப்புக்கு இந்த வழி ஒத்துவந்திருக்காது.

வீட்டில் இருந்து படிக்கிறவருக்கு மேசைக்கணினி தரும் சுகத்தில் முதலிடம் வேகத்துக்கு அன்று, திரைக்கு. 15.6 அங்குலத்துக்கும் 23.8 அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு எட்டு அங்குலம் என்று தோன்றும். பரப்பாகக் கணக்கிட்டால் பின்னது முன்னதைப் போல் இரண்டே கால் மடங்குக்கும் மேல். ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் நிரல் என்று வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கண் மட்டத்தில் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறான். மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்கும்.

மின்சாரக் கட்டணம் கூடிவிடும் என்று என் மனைவி அஞ்சினாள். திரையோடு சேர்த்து 70 வாட் என்று கொண்டு, நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 25 யூனிட் வரும். மடிக்கணினியானால் 9 யூனிட். எங்கள் கட்டணப் படியில் வேறுபாடு இரண்டு மாதத்துக்கு நூறு ரூபாயை ஒட்டித்தான். யுபிஎஸ்ஸைத்தான் செலவாகச் சொல்ல வேண்டும்: மின்தடை வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், வேலையைச் சேமித்து அணைப்பதற்கு மட்டுமே அது உதவும், உள்ளே இருக்கும் மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் பயிற்சிப் பணிக்காக நடத்திய இணையவழித் தேர்வுக்குக் கேமராவும் மைக்கும் கட்டாயம் என்று முந்தைய நாள் மாலைதான் தெரிந்தது. இரவோடு இரவாக வெப்கேம் தேடி அலைந்தோம். கல்லூரியில் செயல்திட்டத்தை இயக்கிக் காட்ட வேண்டிய நாளில் நண்பனின் மடிக்கணினியை இரவல் வாங்கினான். அதைவிடப் பெரிய குறையாக அவன் சொல்வது, கணினி கூடத்தில் இருப்பதால் அவன் என்ன பார்க்கிறான் என்பது வீட்டுக்கே தெரிகிறது என்பதை. நான் அதைக் குறைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பணம் குறைவாக உள்ளவர்கள் பழைய அலுவலகக் கணினிகளைப் பார்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். பார்க்கலாம்; ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ இண்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் குவிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே அவை லாபம். புதிய மடிக்கணினியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இண்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ரைசன் 5 7520யு பிராசஸர், அதன் மாடல் எண் 7இல் தொடங்குவதால் புத்தம் புதிது போலத் தெரியும். உள்ளே இருப்பது 2019இல் வந்த ஸென் 2 வடிவமைப்பும் நான்கே கோர்களும். கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருப்பதால், சொந்தப் பணத்தை எடுப்பதற்கு முன்பு கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வதும் நல்லது.

மகள் இப்போது இறுதியாண்டில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதல் வேலையாக எச்டிஎம்ஐ கம்பியைத் தேடி எடுத்து, தன் மடிக்கணினியைத் தம்பியின் பெரிய திரையில் செருகிவிடுகிறாள். அந்தப் பத்து நாளும் அவன் கைப்பேசியில் பாடம் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறான். வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் தனக்கென ஒரு 24 அங்குலத் திரை வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டிருப்பது அவளுடைய பழைய மடிக்கணினியை, புது மின்கலத்தோடு.