புதுச்சேரியின் மரபு நடை: கட்டடங்களைப் பார்த்தோம், ஆட்சியைப் பார்க்கவில்லை

புதுச்சேரியில் காலை வேளைகளில் நடத்தப்படும் மரபு நடைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் சிறு குழுவைத் தமிழிலேயே அழைத்துச் செல்லும் நடையில், அண்மையில் கலந்துகொண்டேன். கடற்கரைச் சாலையில் தொடங்கி, பெரிய வாய்க்காலைக் கடந்து, தமிழர் வீதிகளில் முடிகின்ற இரண்டரை மணி நேர நடை அது. பழைய கட்டடங்களில் ஆர்வமுள்ள எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், சிறிய முன்னாள் குடியேற்றப் பகுதி ஒன்று எவ்வாறு பாதி உரிமையுள்ள ஆட்சிப்பரப்பாக இன்றுவரை நீடிக்கிறது என்பதை அறிய விரும்பி வருபவருக்கு இந்த நடை பெரிய குறையோடுதான் முடியும். அந்தக் குறை வழிகாட்டியின் அறிவில் இருப்பதாக நான் கருதவில்லை. எந்த இடத்தில் நின்று எதைச் சொல்வது என்ற தேர்வில்தான் அது இருக்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்கிறேன். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றுகொண்டு, துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, படகோட்டிகள் அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்த முறையை அவர் விளக்கியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடலையே புதிதாகப் பார்த்தார்கள். நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வீதிகளின் அமைப்பைப் பிரெஞ்சுக்காரர்களின் திறமை என்று சொல்லிவிட்டுப் போகாமல், 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அதற்கு அடிப்படை என்பதை நினைவூட்டினார். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள் என்பதையும், ஆகவே இன்று நாம் காணும் பிரெஞ்சுப் பகுதியின் பெரும்பகுதி அதற்குப் பின் எழுப்பப்பட்டதே என்பதையும் தெளிவாகக் கூறினார். மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் படமெடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டத்துக்கு இவ்வளவு சொல்வதற்கே பொறுமை வேண்டும். அவரிடம் அது நிறையவே இருந்தது.

போர் நினைவுச் சின்னத்தின் முன்னும் அவருடைய விளக்கம் சிறப்பாகவே இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட இப்பகுதியினருக்கான நினைவிடம் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற, ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் தமிழர்கள் பதக்கங்களை அணிந்து இங்கே கூடுவதை அவர் சொன்னார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சில ஆயிரம் பேர் இன்றும் இங்கே வாழ்கிறார்கள் என்பதையும், பிரான்சின் தேர்தல்களில் அவர்கள் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள் என்பதையும் கேட்டு, குழுவிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் வியந்துபோனார். இந்த இடத்தில் 1881-ஆம் ஆண்டு ஆணையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழிவகுத்த ஆணை அது. அவ்வாறு துறந்தவர்களில் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். ஆளுவோரின் சட்டத்தையே கையிலெடுத்து ஆளப்படுவோர் உரிமை கேட்ட மரபு இந்த ஊருக்கு உண்டு என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். பாரதி பூங்காவைச் சுற்றி நடக்கும்போது சிறிது தொலைவுக்குள் மூன்று கட்டடங்கள் எதிர்ப்படுகின்றன. துணைநிலை ஆளுநரின் இருப்பிடமாக நெடுங்காலம் விளங்கிய ராஜ்நிவாஸ் மாளிகை ஒன்று, சட்டப்பேரவை மற்றொன்று, அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் வரும் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மன்றம், மூன்றாவது. புதுச்சேரியின் இன்றைய ஆட்சிமுறை முழுவதையும் இந்த மூன்று வாயில்களின் முன் நின்றே விளக்கிவிட முடியும். வேறெந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்காத வசதி இது. எங்கள் வழிகாட்டியோ முதல் வாயிலில் பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளே காலத்து மாளிகை இருந்த இடம் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வாயிலைக் கடந்து நேரே ஆயி மண்டபத்துக்குச் சென்று, ஆயி என்ற பெண் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய கதையை உருக்கமாகச் சொன்னார். கதை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மண்டபத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது சட்டப்பேரவைக்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அங்கே சொல்லப்பட வேண்டியது சிக்கலான செய்தி அன்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் பெற்று, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்தப் பகுதிகள் 1954 நவம்பருக்கு முன் பெற்றிருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதில் எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்பே செய்ய வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கை கூறுகிறது. இவ்வளவு சிறிய பரப்பு ஏன் அண்டை மாநிலத்தில் கரைந்துவிடவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த வரியில்தான் இருக்கிறது. 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களுடன் இணைப்பது பற்றிப் பேசியபோது ஊர் கொந்தளித்து வீதிக்கு வந்ததற்கும் அதுவே பின்புலம்.

தனித்தன்மை காக்கப்பட்டது, ஆனால் முழு அதிகாரம் வந்து சேரவில்லை. அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 239ஏ பிரிவின்படியும், 1963-ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பரப்புகள் சட்டத்தின்படியும் இங்கே 30 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மேலும் மூன்று பேர் வரை நடுவண் அரசு நியமிக்கலாம். அந்த நியமனத்துக்கு இங்குள்ள அமைச்சரவையின் பரிந்துரை தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முப்பது பேர் கொண்ட அவையில் மூன்று வாக்குகள் எவ்வளவு கனமானவை என்பதை, 2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் முடிவு குடியரசுத் தலைவருக்கு, நடைமுறையில் தில்லிக்கு, போகிறது. 2019-இல் முதலமைச்சராக இருந்த நாராயணசாமி துணைநிலை ஆளுநரை எதிர்த்துக் கருப்புச் சட்டையோடு பல நாட்கள் அமர்ந்து போராடியது, எங்கள் குழு மாளிகையின் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற அதே வீதியில்தான். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும்படி வழிகாட்டியிடம் நான் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் ஒருவர் வீதியில் அமர நேர்ந்த சட்ட அமைப்பு எது என்று இரண்டு மணித்துளிகளில் சொல்லியிருந்தால் போதும். அந்த முகப்பின் தூண்கள் அதன் பிறகு வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

பணத்தின் கதையும் இப்படித்தான். சரக்கு, சேவை வரி மன்றத்தில் புதுச்சேரிக்கு மாநிலங்களைப் போல இடமுண்டு. ஆனால் நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரிப் பங்கில் அதற்கு இடமில்லை. நடுவண் அரசு தரும் மானியத்தையே அது எதிர்பார்த்திருக்க வேண்டும். மாநிலத் தகுதி கேட்டுச் சட்டப்பேரவை மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேரி கட்டடத்தின் முன் கிடைத்த விளக்கம் அரைகுறையாக நின்றது வருத்தமளித்தது. 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய உருவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்ட வரலாற்றை வழிகாட்டி உணர்ச்சியோடு சொன்னார். சுண்ணாம்புச் சாந்து, தூண்களின் அளவு, பழைய படங்களைக் கொண்டு முகப்பை மீட்ட விதம் எல்லாம் வந்தன. உள்ளாட்சி மட்டும் வரவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1880 முதல், கொம்யூன்கள் எனப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளும் மேயர்களும் இருந்த நிலம் இது. அப்படிப்பட்ட நிலத்தில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின் மீண்டும் நெடிய இடைவெளி விழுந்தது. மேலிருந்து கிடைக்காத அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கீழே கொடுக்கப்படாத அதிகாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். கட்டடத்தை இவ்வளவு அன்போடு மீட்டெடுத்த ஊர், அதற்குள் இருந்த மன்றத்தையும் அதே அன்போடு மீட்டெடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாய்க்காலுக்கு மேற்கே நடை மறுபடியும் உயிர் பெற்றது. வைசியாள் வீதியின் திண்ணைகள், தெருவை நோக்கிய தாழ்வாரங்கள், கீழே தமிழ் முறையும் மாடியில் பிரெஞ்சு முறையுமாகக் கட்டிய வீடுகள் ஆகியவற்றை அவர் காட்டிய விதத்தில் குறையே சொல்ல முடியாது. அந்த வீதியைப் புதுப்பித்த பணி 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றது. ஆனந்தரங்கம் பிள்ளையின் மாளிகையைப் பற்றிப் பேசும்போது, 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருப்பதை வழிகாட்டி குரல் தாழ்த்தாமல் சொன்னார். தூய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, அவரோடு நெருங்கியிருந்த ஒருவர், அதே அரசின் செயலைக் கண்டு வேதனைப்பட்டு எழுதியதைச் சுற்றுலாக் குழு ஒன்றுக்குச் சொல்லும் துணிவு பாராட்டுக்குரியது. அந்தத் துணிவு இருபத்தொன்றாம் நூற்றாண்டைப் பேசும்போது ஏன் பின்வாங்கியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மற்றொரு விடுபாடு நிலப்படத்தைப் பற்றியது. நடை முழுவதும் 'புதுச்சேரி' என்றால் இந்த ஒரு நகரம் மட்டுமே என்பது போலப் பேச்சு அமைந்தது. ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகையும் கொண்ட இந்த ஆட்சிப்பரப்பு நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. காரைக்கால் தெற்கே காவிரிப் படுகையில் இருக்கிறது. மாஹே கேரளக் கரையில் தலச்சேரிக்கு அருகிலும், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கழிமுகத்திலும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எல்லைக்கோடு இந்த நான்கு இடங்களிலும் இன்றும் நிற்கிறது. மாஹேயிலிருந்தும் ஏனாமிலிருந்தும் தலா ஓர் உறுப்பினர் பேரவைக்கு வருகிறார். வங்கத்திலிருந்த சந்திரநாகூர் மட்டும் 1949-இல் தனியே வாக்களித்துப் பிரிந்து, பின்னர் மேற்கு வங்கத்துடன் சேர்ந்தது. ஒரு சிறு படத்தை விரித்துக் காட்டியிருந்தால், இந்தப் பேரவையில் தமிழோடு மலையாளமும் தெலுங்கும் ஏன் ஒலிக்கின்றன என்பது ஒரு நொடியில் புரிந்திருக்கும். காரைக்கால்காரர்கள் தலைநகர அலுவலகங்களை அடைய மற்றொரு மாநிலத்தின் வழியாகப் பயணம் செய்ய வேண்டியிருப்பதும், தம் பகுதி புறக்கணிக்கப்படுகிறது என்று நெடுங்காலமாக முறையிட்டு வருவதும் எந்த மரபு நடையிலும் இடம்பெறத் தக்க செய்திகளே.

ஏற்பாடுகளைப் பற்றிச் சில சொற்கள். குழு சிறியதாக இருந்ததால் கேள்வி கேட்க இடமிருந்தது. கட்டணம் நியாயமானது, குடிநீர் கொடுத்தார்கள், முதியவர் ஒருவருக்காக நடையின் வேகத்தைக் குறைத்ததும் நன்று. கடற்கரைப் பக்கத்தில் நிழல் குறைவு என்பதால் கோடையில் தொப்பி இல்லாமல் வர வேண்டாம். வார இறுதியில் பிரெஞ்சுப் பகுதியில் வண்டி நெரிசலும் படமெடுப்போர் கூட்டமும் மிகுதியாதலால் வழிகாட்டியின் குரல் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. வேலை நாளில் செல்வதே நல்லது. தமிழ் வழி நடை எப்போது என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் கடக்கும்போது, அது 1955-இல் இணைப்பு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக உருவானது என்பதையும், அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன என்பதையும் நீங்களே வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு விரிவாகச் சொல்கிறார். சட்டப்பேரவையின் முன்பும் அவரை நிறுத்தி இதேபோலக் கேளுங்கள். கீழூர் இந்த நடையில் இல்லை. நகருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிற்றூருக்குத் தனியாகத்தான் போக வேண்டும். வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஆகஸ்ட் 16 அன்று அங்கே அரசு சார்பில் கொடியேற்றுகிறார்கள். அரை நாள் கூடுதலாகத் தங்க முடிந்தவர்கள் நடையை முடித்த கையோடு அங்கேயும் போய் வருவது நல்லது.