நகஷிமாவின் இரண்டு நாற்காலிகள்: சாப்பாட்டு மேசைக்கு எது?

1950களின் மர நாற்காலிகளைத் தேடிப் பாருங்கள். கால் ஒல்லியாக இருந்தாலே 'ஜப்பானியச் சாயல்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் விஷ்போன் நாற்காலிகூட அந்தக் கூட்டத்தில் வந்து நிற்கிறது. வெக்னர் 1949-இல் அதை வடிவமைத்தபோது மனதில் வைத்திருந்தது சீனத்து மிங் கால நாற்காலிகளை. அருமையான நாற்காலிதான், ஆனால் இந்தப் பந்தியில் அதற்கு இலை இல்லை.

ஜார்ஜ் நகஷிமாவுக்கு உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டிடம் வேலை பார்த்து, அப்புறம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட வந்தவர். 'சுந்தரானந்தா' என்ற பெயர் அங்கே அவருக்குக் கிடைத்தது. கட்டடக் கலைஞரான அவருக்கு ஜப்பானியத் தச்சு முறையாகக் கைவந்தது 1942-இல், அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மினிடோகா முகாமில். கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் அங்கே கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் நகஷிமா பட்டறை போட்டார்.

சாப்பாட்டு மேசைக்கு அவருடைய நாற்காலிகளில் எனக்குப் போட்டி இரண்டுக்குள்தான்: ஸ்ட்ரெய்ட் சேர், கோனாய்டு சேர்.

1946-இல் நோல் என்ற அமெரிக்க மரச்சாமான் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது ஸ்ட்ரெய்ட் சேர். நான்கு கால், குழிந்த இருக்கை, முதுகில் வரிசையாக மெல்லிய குச்சிகள். முதல் பார்வைக்கு, குச்சி முதுகுள்ள பழைய ஆங்கிலேய வின்ட்சர் நாற்காலியின் பேரன். ஜப்பான் எங்கே என்று கேட்டால், வேண்டாததையெல்லாம் கழித்துவிட்ட விதத்தில் என்பேன். முதுகு தாழ்வு, மேசைக்கடியில் தள்ளிவிட்டால் அறையை அடைக்காது. கையில் எடுத்தால் கனமும் இல்லை.

1960-இல் வந்த கோனாய்டு வேறு ஜாதி. இதற்கு முன்கால் கிடையாது. பின்னால் இரண்டு செங்குத்துக் கட்டைகள், தரையோடு கிடக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகள், நடுவே அந்தரத்தில் நீட்டிய வால்நட் பலகை. ஒடிந்துவிடும் என்று சந்தேகப்பட்டவர்கள் அப்போதே உண்டு. இன்றும் அந்தக் காலத்து நாற்காலிகள் உழைக்கின்றன. முதுகுக் குச்சிகளுக்கு மட்டும் ஹிக்கரி மரம். சாய்ந்தால் லேசாக வளைந்து கொடுத்து நிமிரும். கம்பளத்தில் இழுத்தால் சறுக்குக் கட்டை சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மேடு பள்ளமான கல்தரையில் அதே கட்டை ஆடும். அங்கே நான்கு காலே மேல்.

அழகுக்கு கோனாய்டு, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஆறு பேர் தினமும் இழுத்துப் போட்டுச் சாப்பிட ஸ்ட்ரெய்ட் சேரைத்தான் வாங்கச் சொல்வேன். உயர்ந்த முதுகோடு ஆறு கோனாய்டுகள் சுற்றி நின்றால் மேசையே மறைந்துபோகும். விலையும் அப்படி: ஏலத்தில் கோனாய்டு எங்கேயோ போய் நிற்கும், நோல் தயாரிப்பு அதைவிட வெகு கீழே.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்ட்ரெய்ட் சேரை நோலுக்குக் கொடுத்தபோதும் தன் பட்டறையில் செய்து விற்கும் உரிமையை நகஷிமா விடவில்லை. ஆகவே ஒரே வடிவம், இரண்டு பிறப்பிடம், இரண்டு விலை. கவிழ்த்துப் பாருங்கள்: பட்டறையில் செய்தவற்றில் வாங்கியவரின் பெயரைக் கறுப்பு மையில் அடிப்பக்கம் எழுதும் வழக்கம் இருந்தது. பெயர் இல்லாததாலேயே போலி என்று தள்ளிவிட வேண்டாம். ஆனால் பட்டறை விலை கேட்பவரிடம் வேறு ஆதாரம் கேளுங்கள். 1990-இல் நகஷிமா மறைந்தபின் மகள் மீரா நடத்தும் பட்டறையில் கோனாய்டு இன்னும் தயாராகிறது. அது நல்ல நாற்காலி, பழைய நாற்காலி அல்ல.

கவிழ்த்த கையோடு ஒவ்வொரு குச்சியையும் விரலால் திருகிப் பார்த்துவிடுங்கள். சுழன்றால் பசை போயிருக்கிறது. நல்ல தச்சருக்கு அது சின்ன வேலை. ஸ்ட்ரெய்ட் சேரில் கால் செருகிய துளையிலிருந்தோ, கோனாய்டில் பலகை செங்குத்துக் கட்டையோடு சேரும் இடத்திலோ விரிசல் ஓடினால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.